தென் பட்டகோனியப் பனிவயல்: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2017 டிசம்பரில் மகள் குடும்பத்துடன் அர்ஜென்டீனாவின் தென்பகுதிக்குச் சென்று, தென் பட்டகோனியப் பனிவயலின் கிழக்கு விளிம்பில் நான்கு நாள்கள் தங்கிப் பார்த்து வந்தேன். அதன் பிறகு பொள்ளாச்சி, உடுமலை, கோபி வட்டாரப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அதைப் பற்றிப் பேசி வருகிறேன். எந்த ஊரில் பேசினாலும் அவையினர் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்பே விளக்கியதை மீண்டும் எழுதாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்துள்ளேன்.

1. இந்தப் பனிவயல்ங்கறது எங்கீங்க இருக்குது? எவ்வளவு பெருசுங்க?

தென் அமெரிக்காவின் தென்கோடியில், ஆண்டிஸ் மலைத்தொடரின் முதுகின்மேல், சிலியும் அர்ஜென்டீனாவும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. தெற்கு அட்சரேகை 48 பாகையைக் கடந்து தொடங்கி ஏறத்தாழ 51½ பாகை வரை நீள்கிறது. நீளம் சுமார் 350 கிலோமீட்டர். கோவையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியாகப் போகும் தூரத்தை நினைத்துக்கொள்ளலாம். அகலம் பெரும்பாலும் 30 முதல் 40 கிலோமீட்டர். பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதாவது கோவை, ஈரோடு மாவட்டங்களைச் சேர்த்தால் வரும் பரப்பைவிடப் பெரியது, திருப்பூரையும் சேர்த்தால் வருவதைவிடச் சிறியது. அண்டார்டிகாவை விட்டுவிட்டால் தென் அரைக்கோளத்தில் இதைவிடப் பெரிய பனித்திரள் வேறில்லை.

இதற்கு வடக்கே வட பட்டகோனியப் பனிவயல் என்று இதைவிடச் சிறியது ஒன்று தனியாக இருக்கிறது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், இவை இரண்டும் ஒரே விரிப்பாக, 38 பாகையிலிருந்து 55 பாகை வரை ஆண்டிஸை மூடிக்கிடந்தன. இன்று நாம் காண்பது அந்த விரிப்பின் எச்சங்கள்.

2. ஊட்டியில மார்கழி, தை மாசத்துல புல்லு மேல வெள்ளையா படியுதே, அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்களா?

அல்ல. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் மொழியில் ‘பனி’ என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிப்பதுதான். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. வால்பாறைச் சாலையை மறைக்கும் மூட்டமும் பனி. ஊட்டிப் புல்வெளியில் விடியற்காலையில் வெளுத்துக் கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்டவர்கள் வானத்திலிருந்து பஞ்சாக விழும் பனியைக் கண்டவர்கள் அல்லர். ஆகவே அதற்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை.

ஊட்டியில் காண்பது உறைபனி. இரவில் தரை குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் புல்மீதே படிகமாகப் படிவதால் உண்டாவது. வெயில் ஏறியதும் மறைந்துவிடும். பனிவயலில் இருப்பது மேகத்திலிருந்து விழுந்த பனி. ஓராண்டில் விழுந்தது முழுவதும் கோடையில் உருகாமல் மிச்சம் நிற்க, அதன்மேல் அடுத்த ஆண்டின் பனி விழ, அடியிலுள்ளது பாரத்தால் அழுந்துகிறது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பங்கு காற்றுதான். அழுந்த அழுந்தக் காற்று வெளியேறி, எஞ்சியது குமிழ்களாகச் சிறைப்பட்டு, கடைசியில் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள கெட்டியான பனிக்கட்டியாகிவிடுகிறது. பட்டகோனியாவில் அப்படிச் சேர்ந்த கட்டியின் கனம் சில இடங்களில் 1,400 மீட்டரையும் தாண்டுகிறது.

3. பேப்பர்ல பனிப்பாறைன்னு போடறாங்க, நீங்க பனியாறுங்கறீங்க. எதுங்க சரி?

நாளிதழ்களில் ‘பனிப்பாறை’ என்ற சொல் இரண்டு வேறு பொருள்களுக்கு வருகிறது: மலையிலிருந்து மெல்ல இறங்கும் நீண்ட பனித்திரளுக்கும், அதிலிருந்து உடைந்து நீரில் மிதக்கும் துண்டுக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் எது எதிலிருந்து பிறந்தது என்பதே புரியாமல் போகும். ஆகவே இறங்கி ஓடுவதைப் பனியாறு என்றும், மிதப்பதை மிதக்கும் பனிப்பாறை என்றும் எழுதுகிறேன். ஓடும் பொருளுக்கு ஆறு என்று பெயர் வைப்பதே முறை என்பது என் கருத்து.

பனிவயல் என்பது இவை அனைத்துக்கும் தாய். மலைமுகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் எல்லாம் நிரம்பி, உச்சிகள் மட்டும் தீவுகளைப் போல வெளியே நிற்கும் பரந்த பனிவெளி அது. விளிம்புகளில் வழிந்து பள்ளத்தாக்குகளில் இறங்குபவை பனியாறுகள். இந்தப் பனிவயலிலிருந்து 48 பெரிய பனியாறுகள் இறங்குகின்றன. மேற்கே இறங்குபவை பசிபிக் கடலின் குறுகிய கழிகளிலும், கிழக்கே இறங்குபவை ஆர்ஜென்டினோ, வியெட்மா போன்ற பெரும் ஏரிகளிலும் முடிகின்றன.

4. நம்ம தொட்டபெட்டா அளவுக்குக்கூட உயரம் இல்லைங்கறீங்க. அப்புறம் எப்படிங்க அத்தனை பனி?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். பனிவயலின் மேட்டுவெளி பெரும்பாலும் 1,500 மீட்டரை ஒட்டியது, அதாவது ஏற்காட்டின் உயரம். இன்னும் வியப்பானது, பெரிட்டோ மொரேனோ என்ற புகழ்பெற்ற பனியாறு வந்து முடியும் ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரம்கூட இல்லை. கோவை நகரமோ 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நாம் வாழும் தரையைவிடத் தாழ்ந்த இடத்தில் ஒரு பனியாறு நிற்கிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை தள்ளி இருக்கிறோம்; அது 50 பாகை தள்ளி இருக்கிறது. சூரியன் அங்கே என்றும் சாய்ந்தே காய்கிறது. இரண்டாவது, அதைவிட முக்கியமானது, காற்று. தென் பசிபிக்கில் இந்த அட்சரேகைகளில் மேற்குக் காற்று ஆண்டு முழுவதும் தடையின்றி வீசுகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் கடலைக் கடந்து ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்றை முதன்முதலாக மறிக்கும் சுவர் ஆண்டிஸ். மறிக்கப்பட்ட காற்று மேலேறிக் குளிர்ந்து, சுமந்ததையெல்லாம் மேற்குச் சரிவிலும் முகட்டிலும் கொட்டிவிடுகிறது.

கொங்கு நாட்டவர்க்கு இதை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையில் மோதும்போது சின்னக்கல்லாரில் மழை விடாமல் பெய்கிறது. அதே நாளில் பல்லடத்தில் காற்று மட்டும் அடித்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது, மழை இல்லை. மலையின் மறைவில் நாம் இருப்பதால்தான் நம் பூமி வறண்டது. பட்டகோனியாவில் அதே கதை இன்னும் கடுமையாக நிகழ்கிறது. பனிவயலில் ஆண்டுக்குப் பல மீட்டர் நீருக்குச் சமமான பனி விழ, கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல் கலஃபாத்தே என்ற ஊரில் ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். முட்புதர் நிறைந்த அந்தச் சமவெளியில் நின்றுகொண்டு மேற்கே பனிச்சுவரைப் பார்த்தபோது எனக்குத் தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள் நினைவுக்கு வந்தன.

5. சார், லண்டனும் 51 டிகிரிதானே? அங்க ஏன் பனியாறு இல்லை?

கோபியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது, நல்ல கேள்வி. அட்சரேகை மட்டும் பனியாற்றை உண்டாக்காது என்பதற்கு லண்டனே சான்று. அங்கே காற்றை மறித்து உயர்த்தும் மலை இல்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தப் பக்கத்தை இதமாக வைத்திருக்கிறது. கோடையும் பட்டகோனியாவைவிட வெதுவெதுப்பானது. பனி நிலைப்பதற்குக் குளிர்காலத்தின் கடுமையைவிடக் கோடையின் குளிர்ச்சியே முக்கியம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சேர்ந்தது கரையாமல் இருந்தால்தான் மிச்சம் நிற்கும். ஏறத்தாழ அதே அட்சரேகையில் வடக்கே உயர்ந்த மலைகள் உள்ள இடத்தைப் பார்த்தால், கனடாவில் ராக்கி மலைகளின்மேல் கொலம்பியா பனிவயல் இருக்கிறது.

6. கல்லாட்டம் இருக்கற பனிக்கட்டி எப்படிங்க ஓடும்?

இரண்டு விதமாக. ஒன்று, மிகுந்த பாரத்தின் கீழ் பனிக்கட்டி நொறுங்காமல், கெட்டியான வெல்லப்பாகு போல, மிக மெதுவாக உருமாறி வழிகிறது. மேற்பரப்பில் பாரம் இல்லாததால் அங்கே மட்டும் அது கல்லைப் போல நடந்துகொண்டு வெடித்துப் பிளக்கிறது. படங்களில் காணும் ஆழமான பிளவுகள் அவையே.

இரண்டாவது, அடித்தரையில் வழுக்குவது. பட்டகோனியப் பனிக்கட்டி அண்டார்டிகாவில் உள்ளதைப் போலக் கடுங்குளிரில் இறுகியது அல்ல. அதன் பெரும்பகுதி உருகுநிலையை ஒட்டிய வெப்பத்திலேயே இருக்கிறது. மேலே உருகும் நீர் பிளவுகள் வழியாக அடிக்குப் போய்ப் பாறைக்கும் கட்டிக்கும் இடையில் பரவுவதால் முழுத்திரளும் சறுக்குகிறது. பெரிட்டோ மொரேனோவின் நடுப்பகுதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நகர்கிறது. கண்ணால் பார்த்தால் நகர்வது தெரியாது. ஆனால் அதன் முன்னே அமர்ந்திருந்தால், எங்கோ உள்ளே இடி இடிப்பதைப் போன்ற ஓசை மணிக்குப் பல முறை கேட்கும்.

7. படத்துல நீலமா இருக்குதே, கலர் ஏத்திப் போட்டதுங்களா?

இல்லை, உண்மையிலேயே நீலம்தான். பனிக்கட்டி ஒளியின் சிவப்புப் பகுதியைச் சிறிதளவு உறிஞ்சிக்கொள்கிறது. அந்த அளவு மிகக் குறைவு என்பதால் வீட்டுக் குளிர்பெட்டியின் சிறு கட்டியில் தெரியாது. 2ஆம் கேள்வியில் சொன்னபடி காற்றுக்குமிழ்கள் நசுங்கிப் போன கட்டியில் ஒளி பல மீட்டர் உள்ளே சென்று திரும்புவதால், வெளியே வரும்போது நீலமே மிஞ்சுகிறது. குமிழ் நிறைந்த கட்டி மேலோட்டிலேயே ஒளியைச் சிதறடித்துவிடும். அது வெண்மையாகத் தெரியும்.

8. ஒரு பனியாறு ஏரியவே அணை கட்டுன மாதிரி மறிச்சிருதாமா, நெசமுங்களா?

உண்மை. பெரிட்டோ மொரேனோதான் அது. ‘பெரிட்டோ’ என்றால் ஸ்பானிய மொழியில் வல்லுநர். சிலியுடனான எல்லைப் பிரச்சினையில் அர்ஜென்டீனாவின் வல்லுநராக இருந்த பிரான்சிஸ்கோ மொரேனோவின் பெயர். பனியாற்றின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முகப்பின் அகலம் 5 கிலோமீட்டர். நீருக்கு மேலே தெரியும் சுவரின் உயரம் சராசரியாக 60 மீட்டருக்கு மேல், அதாவது இருபது மாடிக் கட்டடம் அளவு.

இந்தச் சுவருக்கு நேர் எதிரே, ஆர்ஜென்டினோ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மகல்யானெஸ் தீபகற்பம் இருக்கிறது. பனியாறு முன்னேறிவந்து அந்தக் கரையைத் தொட்டுவிட்டால், ஏரியின் தெற்குக் கையான பிராசோ ரிக்கோ முதன்மை ஏரியிலிருந்து துண்டிக்கப்படுகிறது. மலைகளிலிருந்து வரத்து நிற்பதில்லை. வெளியேறும் வழி மட்டும் அடைபடுகிறது. தெற்குக் கையில் நீர் ஏறிக்கொண்டே போகும். அடைப்பு நீண்ட காலம் நீடித்தபோது 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்ததுண்டு. அந்தக் கரைகளில் குறிப்பிட்ட உயரம் வரை காடு இல்லாமல் ஒரு மொட்டைப் பட்டை ஓடுவதை இன்றும் காணலாம். நீர் ஏறி மரங்களைக் கொன்ற மட்டம் அது.

கடைசியில் நீரின் அழுத்தம் பனிக்கட்டியின் அடியில் ஒரு கசிவைத் திறக்கிறது. கசிவு சுரங்கமாகி, சுரங்கம் வளைவுப் பாலமாகி, ஓரிரு நாள்களில் அந்த வளைவு இடிந்து விழுகிறது. 1917இல் நிகழ்ந்த உடைப்பே முதலில் பதிவானது. 1988க்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் இடைவெளி விட்டு 2004இல் உடைந்தது. பின்னர் 2006, 2008, 2012, 2016, 2018 ஆகிய ஆண்டுகளிலும் உடைந்தது. 2016இல் பகலில் பெருங்கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க விழுந்தது. 2018 மார்ச்சில் புயல் இரவில் யாரும் பார்க்காதபோது விழுந்தது. நான் சென்றது அந்த உடைப்புக்குச் சில மாதங்கள் முன்பு. மதகும் ஷட்டரும் இல்லாத ஓர் அணை தானே கட்டிக்கொண்டு தானே உடைவதை, ஆழியாறும் அமராவதியும் பார்த்து வளர்ந்த நமக்கு நேரில் பார்த்தாலும் நம்புவது எளிதல்ல.

9. தினம் ரெண்டு மீட்டர் முன்னால வருதுங்கறீங்க, அப்புறம் பின்வாங்குதுங்கறீங்க. ரெண்டுல எதுங்க நெசம்?

இரண்டும் உண்மை. பனியாறுகளைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ‘பின்வாங்குதல்’ என்ற சொல்லைக் கேட்டதும், நத்தை தன் உடலை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதைப் போலப் பனியாறு மலைக்குத் திரும்பிப் போவதாகப் பலர் எண்ணுகிறார்கள். எந்தப் பனியாறும் மேல்நோக்கிப் போவதில்லை.

கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். மதகு திறந்த நாளிலிருந்து தண்ணீர் எப்போதும் முன்னோக்கித்தான் ஓடுகிறது. ஆனால் திறந்துவிடும் அளவு குறைந்து, வழியில் செலவு கூடினால், தண்ணீர் கடைமடையை எட்டுவதில்லை. எட்டும் இடம் மேலே மேலே தள்ளிப் போகிறது. அதைத் தண்ணீர் பின்னால் ஓடியது என்று எந்த உழவரும் சொல்ல மாட்டார். பனியாற்றின் முகப்பு என்பது அதன் கடைமடை. மேலே பனிவயலில் விழுவது வரத்து. கீழே உருகுவதும் உடைந்து விழுவதும் செலவு. இரண்டும் சமமாக இருக்கும் வரை, உள்ளே ஒவ்வொரு துகளும் நகர்ந்துகொண்டிருந்தாலும், முகப்பு ஒரே இடத்தில் நிற்கும். செலவு மிஞ்சினால் முகப்பு மேலே தள்ளிப் போகும்.

பெரிட்டோ மொரேனோ பல பத்தாண்டுகள் அப்படி வரத்தும் செலவும் சமமாக நின்றது. சுற்றியிருந்தவை சுருங்கியபோதும் அது மட்டும் நின்றதால்தான் அவ்வளவு புகழ் பெற்றது. 2019க்குப் பிறகு அதன் முகப்பும் பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது. நான் பார்த்த இடத்தில் அந்தச் சுவர் இப்போது இல்லை என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தத்தோடு சொல்லிவருகிறேன்.

10. அங்க ஒரு பனியாறு வளர்ந்துட்டே இருந்துச்சாமே? அப்ப பூமி சூடாகுதுங்கறதெல்லாம் பொய்தானே?

பியோ பதினொன்று என்ற பனியாற்றைக் கேட்கிறார்கள். போப் பதினொன்றாம் பயஸின் பெயர் தாங்கிய இது, அண்டார்டிகாவுக்கு வெளியே தென் அரைக்கோளத்தின் மிகப் பெரிய பனியாறு. நீளம் 60 கிலோமீட்டருக்கு மேல். 1945க்குப் பின் இது பல கிலோமீட்டர் முன்னேறி, கரையில் இருந்த முதிர்ந்த காட்டையே சாய்த்துத் தள்ளியது உண்மை.

ஆனால் ஒரு கடைமடையில் தண்ணீர் வந்துவிட்டது என்பதால் அணை நிரம்பிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. நீரில் முடியும் பனியாறுகளின் முகப்பைத் தட்பவெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அடித்தரையின் ஆழம், முன்னே குவிந்த சேறும் கல்லும், பள்ளத்தாக்கின் வடிவம் ஆகியவையும் தீர்மானிக்கின்றன. ஆழமற்ற மேட்டில் ஊன்றி நிற்கும் முகப்பு நிலைக்கும். ஆழமான நீருக்குள் சென்றுவிட்டால் வேகமாக உடைந்து போகும். அதே பனிவயலின் வடமுனையில் உள்ள ஹோர்ஹே மோன்ட் பனியாறு, ஆழமான கழியில் முடிவதால், 1898க்கும் 2011க்கும் இடையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பின்வாங்கியது. ஒரு முகப்பை மட்டும் பார்த்து எந்தப் பக்கமும் வாதிடக் கூடாது. மொத்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் மிகப் பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன.

11. அந்த மொத்தக் கணக்கை எப்படிங்க அளக்கறாங்க?

அங்கே போய் அளப்பது மிகக் கடினம் என்பதால், பெரும்பாலும் விண்ணிலிருந்து. ஒரு முறை, செயற்கைக்கோள் படங்களால் மேற்பரப்பின் உயரத்தைத் திரும்பத் திரும்ப அளந்து எவ்வளவு தாழ்ந்தது என்று பார்ப்பது. இன்னொன்று, 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் செய்தது. பனி குறைந்தால் அந்த இடத்தின் ஈர்ப்பு விசை மிகச் சிறிதளவு குறையும். முன்னும் பின்னுமாகப் பறந்த இரு கோள்களுக்கு இடையிலான தூரம் மாறுவதை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள்.

இரு முறைகளும் சொல்வது, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இரு பட்டகோனியப் பனிவயல்களும் சேர்ந்து ஆண்டுக்கு 2,000 கோடி டன்னுக்கு மேல் இழந்துவருகின்றன என்பது. பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ஆண்டுதோறும் இருபது பவானிசாகருக்கு மேல் வெளியேறித் திரும்ப வரவில்லை என்று பொருள்.

12. அத்தனையும் உருகுனா கடல் பொங்கி நம்மூரு வரைக்கும் வந்துருமுங்களா?

வராது. இரு பனிவயல்களிலும் உள்ள பனிக்கட்டி ஏறத்தாழ 4,750 கன கிலோமீட்டர். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் உள்ளதைப் போல நாற்பது மடங்கு. நீராக்கினால் பவானிசாகர் போல நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அணைகள் நிரம்பும். ஆயினும் உலகக் கடல்கள் முழுவதும் பரப்பினால் கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் உயரும். கோவை 400 மீட்டருக்கு மேல் இருப்பதை 4ஆம் கேள்வியில் பார்த்தோம். உலகைப் பயமுறுத்தும் அளவு பனி கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் இருக்கிறது, இங்கே அல்ல. அப்படியிருந்தும், தன் அளவுக்குப் பொருந்தாத வேகத்தில் பட்டகோனியா உருகுவதால், இன்றைய கடல்மட்ட உயர்வில் அதன் பங்கைத் தள்ளிவிட முடியாது.

13. அது எந்த நாட்டுக்குச் சொந்தமுங்க?

பெரும்பகுதி சிலிக்கு, எஞ்சியது அர்ஜென்டீனாவுக்கு. 1881 ஒப்பந்தம், நீரைப் பிரிக்கும் உயர்ந்த முகடுகள் வழியாக எல்லை செல்லும் என்று சொன்னது. முகடுகளே பனிக்குள் புதைந்து கிடக்கும் இடத்தில், நீர் எந்தப் பக்கம் பிரிகிறது என்று யார் சொல்வது? 1998இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டபோதும், ஃபிட்ஸ் ராய் மலைக்கும் முரயோன் மலைக்கும் இடைப்பட்ட பகுதியில் கோடு வரையாமல் பின்னர் அளந்து முடிவு செய்வதாக விட்டுவிட்டார்கள். சில வரைபடங்களில் அந்த இடம் இன்றும் வெறுமையாக இருக்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அர்ஜென்டீனப் பகுதி 1937இல் தேசியப் பூங்காவாகி 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. 2010இல் அந்நாடு பனியாறுகளைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது.

14. அதுக்குள்ள யாராச்சும் நடந்து போயிருக்காங்களா?

போயிருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். 1834இல் சார்லஸ் டார்வின் இருந்த பீகிள் கப்பல் குழுவினர், ஆர்ஜென்டினோ ஏரியிலிருந்து அட்லாண்டிக்குக்கு ஓடும் சாந்தா குரூஸ் ஆற்றில் படகுகளைக் கயிறு கட்டி இழுத்து மேலேறினார்கள். ஏரியை எட்டாமலே திரும்பினார்கள். 1931இல் அகோஸ்தினி என்ற பாதிரியார் பனிவயலைக் குறுக்கே கடந்தார். 1960 டிசம்பரில் தொடங்கி எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேய மலையேறியும் மூன்று தோழர்களும் 52 நாள்களில் ஹோர்ஹே மோன்ட்டிலிருந்து உப்சாலா பனியாறு வரை நெடுக்காக நடந்தார்கள். 1934இல் நந்தாதேவி மலையின் உள்வட்டத்துக்கு வழி கண்டவர் இதே ஷிப்டன்தான். இமயத்தை அவ்வளவு அறிந்தவரையும் சோதித்தது இங்குள்ள உயரம் அல்ல, நாள்கணக்கில் ஓயாத காற்றும் கண்மறைக்கும் வெண்மூட்டமும்.

15. அந்த ஐஸ் மேல ஒரு பூச்சியாச்சும் இருக்குமா தாத்தா?

இருக்கிறது. பட்டகோனிய டிராகன் என்று அன்பாக அழைக்கப்படும், இறக்கையில்லாத, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள கரும்பூச்சி ஒன்று பனியாற்றின் மேலேயே வாழ்கிறது. 1950களில் உப்சாலா பனியாற்றில் கண்டெடுக்கப்பட்டது. பனியின்மேல் விழுந்த தூசி வெயிலில் சூடேறிச் சிறு குழிகளை உண்டாக்கும். குழிகளில் தேங்கிய நீரில் நுண்ணுயிர்ப் பாசி வளரும். அதைத் தின்று இது பிழைக்கிறது.

16. நம்ம பவானியும் நொய்யலும் இப்படிப் பனியில இருந்து வர்ற ஆறுங்களா?

இல்லை, நம்முடையவை முழுக்க மழையாறுகள். நீலகிரியின் மேல்பவானிப் புல்வெளிகளும் சோலைக்காடுகளும், வெள்ளியங்கிரிச் சரிவுகளும் மழையை உறிஞ்சி வைத்திருந்து, மழையில்லாத மாதங்களில் ஊற்றாகக் கசியவிடுகின்றன. பனிவயல் செய்யும் சேமிப்பு வேலையை இங்கே புல்லும் மண்ணும் செய்கின்றன. அங்கே சேமிப்புக் கரைவது வெப்பத்தால். இங்கே கரைவது புல்வெளியை அழித்து அயல்மரங்களை நட்டதாலும் சோலையை வெட்டியதாலும்.

17. போய்ப் பார்க்கறதுன்னா எப்பப் போறதுங்க?

நமது கார்த்திகை முதல் மாசி வரை அங்கே கோடை. புயனஸ் அயர்ஸிலிருந்து எல் கலஃபாத்தேவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து பெரிட்டோ மொரேனோ 80 கிலோமீட்டர், நல்ல சாலை. முகப்புக்கு எதிரே நடைமேடைகள் இருப்பதால் வயதானவர்களும் பார்க்கலாம். காற்றைத் தாங்கும் மேலாடை கட்டாயம் வேண்டும்.

18. போன பனி திரும்ப வளருமுங்களா?

வளரும், வளர்ந்திருக்கிறது, ஆனால் நம் ஆயுளின் அளவில் அல்ல. வரத்து செலவை மிஞ்ச வேண்டும், அதற்குக் குளிர்ந்த கோடைகள் நூற்றாண்டுக்கணக்கில் தொடர வேண்டும். ஆழநீருக்குள் பின்வாங்கிவிட்ட முகப்பு, 10ஆம் கேள்வியில் சொன்னபடி ஊன்றி நிற்க மீண்டும் ஒரு மேட்டைத் தானே குவித்துக்கொண்டுதான் முன்னேற முடியும். ஆகவே போவது விரைவாகவும் வருவது மெதுவாகவும் நிகழ்கிறது.

இதற்கு ஹோர்ஹே மோன்ட்டிலேயே சான்று கிடைத்தது. பனியாறு விலகிய இடத்தில், வேர் ஊன்றியபடியே நின்ற பழைய மரங்களின் அடிகள் வெளிப்பட்டன. அவற்றின் வயதைக் கணித்தபோது, ஏறத்தாழ 460 முதல் 250 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மரங்கள் என்று தெரிந்தது. அப்போது அங்கே பனி இல்லை, காடு இருந்தது. பிறகு வந்த குளிர்ந்த நூற்றாண்டுகளில் பனியாறு முன்னேறி அந்தக் காட்டை மூடியது. மூடியதை 1898க்குப் பிந்தைய நூறு ஆண்டுகளில் விட்டு நீங்கியது. அந்த மரங்களின் அடிகள் இப்போது வெறுங்கரையில் நிற்கின்றன.